லிவர் ஃபெயில் ஆனா மூளையோட பேரியர் உடைஞ்சிடுமா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இதுதான். மாமாவுக்கு சிரோசிஸ் (லிவர் தழும்பாகி இறுகிப் போற நோய்), போன மாசம் திடீர்னு ஆள் தெரியாம உளற ஆரம்பிச்சாரு, ஆஸ்பத்திரியில லாக்டுலோஸ் (மலம் இளக்கற மருந்து) எனிமா, ஆன்டிபயாடிக் எல்லாம் குடுத்து தெளிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாரு. இப்ப சொந்தக்காரர் ஒருத்தர் "லிவர் போனா ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற பேரியர் உடைஞ்சிடும், மஞ்சக்காமாலை விஷம் நேரா மூளைக்குள்ள போயிடும், இனிமே சரியாகாது"ன்னு சொல்லி வீட்டையே கலக்கி விட்டிருக்காரு. அது உண்மையா, உடைஞ்ச பேரியர் திரும்ப ஒட்டுமான்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல பதிலைச் சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட நிறுத்திக்கலாம். உங்க மாமாவுக்கு பேரியர் உடையல. மஞ்சக்காமாலையும் மூளைக்குள்ள போகல. அந்த குழப்பத்துக்கு முக்கியக் காரணம் அம்மோனியா, அது மூளைக்குள்ள போறதுக்கு பேரியர் உடையவே வேண்டாம், நல்லா இருக்கற பேரியர் வழியாவே தாராளமா போகும். அதனாலதான் அம்மோனியா குறைஞ்சதும் ஆள் தெளிஞ்சாரு. ஆனா லிவர் வேலை செய்யலன்னா அந்த பேரியர்ல ஒண்ணுமே நடக்காதான்னு கேட்டா, நடக்கும், நிறையவே நடக்கும், அது "உடையறது" இல்லங்கறதுதான் நான் சொல்ல வர்ற விஷயம். இந்த வித்தியாசம் வெறும் படிப்பு விஷயம் இல்ல, எந்த மருந்து வேலை செய்யும் எது செய்யாதுங்கறதே இதுலதான் நிக்குது.

பிளட் பிரெயின் பேரியர்ன்னா தனியா ஒரு உறுப்போ, மூளையைச் சுத்தி ஒரு உறையோ கிடையாது. மூளைக்குள்ள ஓடற நுண் ரத்தக் குழாய் ஒவ்வொண்ணோட சுவரும்தான் பேரியர். எல்லாத்தையும் ஒண்ணா நீட்டி வச்சா கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் வரும்னு கணக்கு சொல்லுவாங்க, அத்தனை நீளத்துக்கும் இது இருக்கு. உடம்புல மத்த இடத்துல இந்தக் குழாய்ச் சுவர் செல்லுங்களுக்கு நடுவுல சந்து இருக்கும், தண்ணி, உப்பு, சின்னச் சின்ன மூலக்கூறு எல்லாம் கசிஞ்சு போகும். மூளையில அந்த சந்தை க்ளாடின், ஆக்லூடின்னு சில புரதங்கள் இறுக்கித் தச்சு வச்சிருக்கும், இதைத்தான் டைட் ஜங்ஷன்ங்கறோம். குழாயை ஒட்டி பெரிசைட்டுன்னு ஒரு செல், அதுக்கு வெளிய ஆஸ்ட்ரோசைட்டுங்கற செல்லோட பாதம் வந்து குழாயைச் சுத்திப் பொத்திக்கிட்டு நிக்கும். இந்த ஆஸ்ட்ரோசைட்டை ஞாபகம் வச்சுக்கங்க, கதையில முக்கிய ஆளே இதுதான்.

1885-ல பால் எர்லிச் மிருகங்களோட ரத்தத்துல சாயத்தை ஏத்திப் பார்த்தப்ப எல்லா உறுப்பும் நிறம் பிடிச்சுது, மூளை மட்டும் பிடிக்கல. அவரு அப்ப மூளைக்கு சாயம் ஒட்டற குணம் இல்லன்னு நினைச்சாரு. அவரோட சிஷ்யர் எட்வின் கோல்ட்மன் 1913-ல தலைகீழா செஞ்சாரு, சாயத்தை மூளைத் தண்டுவட திரவத்துக்குள்ளயே போட்டாரு, இப்ப மூளை நிறம் பிடிச்சுது, உடம்பு பிடிக்கல. அப்ப நடுவுல ஏதோ தடுக்குதுன்னு தெரிஞ்சுது. அது எதுன்னு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல கண்ணால பார்க்க 1967 வரைக்கும் ஆச்சு, ரீஸும் கார்னோவ்ஸ்கியும்தான் அந்த டைட் ஜங்ஷன்ல தடை இருக்குன்னு காட்டினாங்க.

இப்ப அம்மோனியாவுக்கு வருவோம். நாம சாப்பிடற புரதத்துல இருந்து, குடல்ல இருக்கற பாக்டீரியா யூரியாவை உடைக்கறதுல இருந்து, குடலோட செல்லே க்ளூட்டமின்னு ஒரு அமினோ அமிலத்தை எரிக்கறதுல இருந்துன்னு பல வழியில அம்மோனியா உருவாகுது. குடல் ரத்தம் எல்லாம் போர்ட்டல் வெயின் வழியா மொதல்ல லிவருக்குத்தான் போகும். லிவர் அதைப் பிடிச்சு யூரியாவா மாத்தி கிட்னிக்கு அனுப்பிடும், இந்த யூரியா சக்கரத்தை 1932-ல க்ரெப்ஸும் ஹென்ஸலைட்டும் கண்டுபிடிச்சாங்க. அதுல தப்பிக்கறதையும் லிவரோட கடைசி வரிசை செல்லுங்க க்ளூட்டமினா மாத்திப் பிடிச்சுக்கும். சிரோசிஸ்ல ரெண்டு கோளாறு ஒண்ணா வருது, ஒண்ணு வேலை செய்யற செல் குறைஞ்சு போகுது, இன்னொண்ணு லிவர் கல்லு மாதிரி ஆகி உள்ள போக முடியாம ரத்தம் பக்கத்து ரத்தக் குழாய்ங்க வழியா சுத்திக்கிட்டு லிவரைத் தொடாமலே உடம்புக்குள்ள வந்துடுது.

இந்த ரெண்டாவது கோளாறு மட்டுமே மூளையைக் குழப்பப் போதும்னு ரொம்ப முன்னாடியே தெரியும். 1893-ல பீட்டர்ஸ்பர்க்ல பாவ்லோவ், அதேதான், நாயோட எச்சில் பரிசோதனைக்குப் பேர் போனவர், அவரும் கூட்டாளிகளும் நாய்களோட போர்ட்டல் வெயினை லிவருக்குப் போகாம நேரா பெரிய சிரையோட இணைச்சு விட்டாங்க. அந்த நாய்ங்களுக்கு கறி போட்டா தள்ளாடும், வலிப்பு வரும், மயங்கிடும். லிவர் உள்ளதான் இருக்கு, ரத்தம் அது வழியா போகல, அவ்வளவுதான்.

சரி, அம்மோனியா எப்படி பேரியரைத் தாண்டுது? ரத்தத்துல இது ரெண்டு வடிவத்துல இருக்கும், சார்ஜ் இல்லாத வாயு வடிவம், சார்ஜ் ஏறுன அம்மோனியம் அயனி. சாதாரண ரத்த பி.எச் 7.4-ல கிட்டத்தட்ட 98 சதவீதம் அயனியாத்தான் இருக்கும். அந்த மிச்ச ரெண்டு சதவீத வாயு செல் சவ்வு வழியா நேரா ஊடுருவிப் போயிடும், டைட் ஜங்ஷன் எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் அதுக்குக் கவலையே இல்ல, ஏன்னா அது சந்து வழியா போகல, செல்லு வழியாவே போகுது. அயனி வடிவமும் பொட்டாசியம் அயனி அளவுலயே இருக்கறதால பொட்டாசியம் சேனல் வழியா கொஞ்சம் நுழைஞ்சுடும். இதுல இருந்து ஒரு நடைமுறை விஷயம் வருது: ரத்தம் காரமாச்சுன்னா, அதாவது பி.எச் ஏறுச்சுன்னா, வாயு பங்கு கூடி மூளைக்குள்ள போறதும் கூடும். நீர் பிரியற மாத்திரையை அதிகமா குடுத்து பொட்டாசியம் இறங்கினா ரெண்டு பக்கமும் அடி, ரத்தம் காரமாகும், கிட்னியே வழக்கத்தை விட அதிகமா அம்மோனியா தயாரிக்க ஆரம்பிக்கும். வயித்துல நீர் கோத்துக்கிட்டுன்னு வீட்டுலயே மாத்திரையைக் கூட்டிப் போட்டுட்டு மூணு நாள் கழிச்சு உளறிக்கிட்டு வர்றவங்களை எங்க வார்டுல அடிக்கடி பார்க்கறோம்.

"லிவர் நோய்ல பேரியர் அம்மோனியாவை இன்னும் அதிகமா விடுதா?"ன்னு ஒரு பழைய சண்டை இருக்கு. கதிரியக்க நைட்ரஜன் சேர்த்த அம்மோனியாவை ஊசியில போட்டு பெட் ஸ்கேன்ல மூளை எவ்வளவு இழுக்குதுன்னு அளக்கலாம். 1991-ல லாக்வுட் குழு சிரோசிஸ்காரங்களுக்கு ஊடுருவல் கூடியிருக்குன்னு சொன்னாங்க. 2006-ல டென்மார்க்ல கைடிங் குழு அளந்தப்ப ஊடுருவல்ல பெரிய வித்தியாசம் இல்ல, ரத்தத்துல அதிகமா இருக்கு அதனால மூளைக்குள்ள அதிகமா போகுது, அவ்வளவுதான்னு வந்துச்சு. எனக்கு ரெண்டாவதுதான் நம்பும்படியா இருக்கு, வார்டுல பார்க்கறதோட ஒத்துப் போறதும் அதுதான்.

உள்ள போன அம்மோனியாவை என்ன பண்றது? மூளைக்குள்ள யூரியா சக்கரம் முழுசா ஓடாது. மூளைக்கு இருக்கற ஒரே வழி க்ளூட்டமேட்டோட அம்மோனியாவைச் சேர்த்து க்ளூட்டமினா மாத்தறதுதான், அந்த என்சைம் கிட்டத்தட்ட ஆஸ்ட்ரோசைட்டுல மட்டும்தான் இருக்கு. அதனால சுமை முழுக்க அந்த ஒரு செல்லு மேல விழுது. க்ளூட்டமின் உள்ள சேரச் சேர அது தண்ணியை இழுக்கும், ஆஸ்ட்ரோசைட் பாதத்துல அக்வாபோரின் 4-ன்னு தண்ணிக்குன்னே இருக்கற சேனல் வரிசையா இருக்கு, தண்ணி சுலபமா உள்ள வந்துடும், செல் வீங்கும். மூடுன டப்பாவுக்குள்ள கொண்டைக்கடலையை ஊற வச்ச மாதிரி, மண்டை ஓடு விரியாது, உள்ள இருக்கறது மட்டும் உப்புது. எலிங்களுக்கு அம்மோனியா ஏத்தி அந்த என்சைமைத் தடுக்கற மருந்தைக் குடுத்தா மூளை வீங்கறதில்லன்னு 1991-லயே காட்டிட்டாங்க, ஆக க்ளூட்டமின் வெறும் அடையாளம் இல்ல, காரணமே அதுதான். இதுக்கு மேலயும் ஒரு கதை இருக்கு, க்ளூட்டமின் செல்லுக்கு சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போய் அங்க திரும்ப உடைஞ்சு அம்மோனியாவை அங்கயே கொட்டிடுதுன்னு ஆல்பிரெக்ட்டும் நாரன்பெர்க்கும் 2006-ல ஒரு கருத்து வச்சாங்க, ட்ரோஜன் குதிரை கோட்பாடுன்னு பேரு. அழகான கோட்பாடு, எல்லாரும் ஒத்துக்கல.

இங்கதான் சிரோசிஸுக்கும் அக்யூட் லிவர் ஃபெயிலியருக்கும், அதாவது லிவர் திடீர்னு விழறதுக்கும், பாதை பிரியுது. உங்க மாமாவுக்கு லிவர் வருஷக்கணக்கா கெட்டுக்கிட்டு வந்திருக்கும், அம்மோனியா மெதுவா ஏறியிருக்கும். ஆஸ்ட்ரோசைட் அதுக்குள்ள சமாளிக்கக் கத்துக்கும், க்ளூட்டமின் ஏற ஏற மயோ-இனோசிட்டால்ங்கற இன்னொரு பொருளை வெளிய தள்ளி கணக்கை சரி பண்ணிக்கும். எம்.ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபின்னு ஒரு ஸ்கேன்ல இதை நேராவே பார்க்கலாம், ஒரு உச்சி ஏறியிருக்கும் இன்னொண்ணு இறங்கியிருக்கும். அதனால வீக்கம் லேசாத்தான் இருக்கும், மூளை நசுங்கற அளவுக்குப் போறது ரொம்ப அபூர்வம். குழப்பம் வரும், கை நீட்டச் சொன்னா மணிக்கட்டு விட்டு விட்டு ஆடும், ஆனா மண்டைக்குள்ள பிரஷர் எகிறாது.

நேத்து வரைக்கும் நல்லா இருந்த ஒருத்தரோட லிவர் ஒரே வாரத்துல போச்சுன்னா ஆஸ்ட்ரோசைட்டுக்கு அந்த அவகாசம் கிடைக்காது. இங்கிலாந்துல இதுக்கு முக்கியக் காரணம் பாரசிட்டமால் ஓவர்டோஸ். நம்ம நாட்டுல ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ், டி.பி மாத்திரை, தமிழ்நாட்டுல குறிப்பா மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். எலி பேஸ்ட் பத்தி ஒரு வரி சொல்லியே ஆகணும், அதுக்கு மாத்து மருந்து கிடையாது, தெரியாம வாய்ல போட்ட குழந்தையா இருந்தாலும் யாரா இருந்தாலும் மொத ரெண்டு மூணு நாள் ஒண்ணுமே இல்லாத மாதிரி நல்லா நடமாடுவாங்க, "சரியாயிடுச்சு"ன்னு வீட்டுக்கு கூட்டிட்டு போயிடுவாங்க, அதுக்கப்புறம்தான் லிவர் விழும். வயித்துக்குள்ள போச்சுன்னு சந்தேகம் இருந்தாலே லிவர் ஐசியூ வசதி இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கே போயிடணும். பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் இதுல உதவுதுன்னு வேலூர் சி.எம்.சி-காரங்களோட அனுபவம் இருக்கு.

இந்த அக்யூட் வகையில தமனி ரத்தத்துல அம்மோனியா 150 மைக்ரோமோலைத் தாண்டுனா மண்டைக்குள்ள பிரஷர் ஏறற ஆபத்து தெளிவா கூடுது, 200-க்கு மேல போனா ரொம்பவே மோசம். ஆள் கொஞ்சம் குழம்பியிருக்கற நிலையில மூளை வீக்கம் அரிது, எழுப்பினாலும் எழும்பாத நாலாவது நிலைக்குப் போயிட்டா பாதிக்கு மேல பேருக்கு வீக்கம் இருக்கும்னுதான் பழைய கணக்கு. லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியோட பதிவுல 1984-88-ல இந்த நோயாளிங்கள்ல 76 சதவீதம் பேருக்கு மண்டை பிரஷர் ஏறியிருந்தது, 2004-08-ல அது 20 சதவீதமா இறங்கிடுச்சு. அதிசய மருந்து ஒண்ணும் வரல, சீக்கிரம் ஐசியூ-க்கு கொண்டு வர்றது, டயாலிசிஸ் மெஷின்ல அம்மோனியாவை இழுக்கறது, சோடியத்தைக் கட்டுப்பாட்டுல வைக்கறது, நேரத்துக்கு மாற்று லிவர் வைக்கறது, எல்லாம் சேர்ந்துதான்.

இப்ப உங்க உறவினரோட "உடையுது"க்கு வர்றேன். இதை மூணு விதமா பார்த்திருக்காங்க. ஒண்ணு, 1992-ல கிங்ஸ் காலேஜ்லயே கேட்டோ குழு, லிவர் போய் மூளை வீங்கி இறந்தவங்களோட மூளை நுண்குழாயை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்க. ஆஸ்ட்ரோசைட் பாதம் பயங்கரமா வீங்கியிருந்தது, குழாய்ச் சுவர் செல்லுக்குள்ள குட்டிக் குட்டிப் பைகள் நிறைய சேர்ந்திருந்தது, ஆனா டைட் ஜங்ஷன் அப்படியே இருந்தது. இறந்து போற அளவுக்கு நோய் முத்தினவங்கள்லயே தையல் பிரியல. ரெண்டு, ஸ்கேன். மூளைக்குள்ள தண்ணி எங்க நிக்குதுன்னு டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ சொல்லும். பேரியர் கசிஞ்சு தண்ணி செல்லுக்கு வெளிய தேங்கினா தண்ணி சுலபமா நகரும், செல்லுக்குள்ள அடைபட்டா நகர முடியாது. லக்னோவுல எஸ்.ஜி.பி.ஜி.ஐ ஆஸ்பத்திரியில 2005-ல அக்யூட் லிவர் ஃபெயிலியர் நோயாளிங்களை இப்படி எடுத்துப் பார்த்தப்ப தண்ணியோட நகர்வு குறைஞ்சிருந்தது, அதாவது வீக்கம் செல்லுக்குள்ள.

மூணாவது எலிப் பரிசோதனை, இதுல இருந்துதான் "உடையுது"ங்கற பேச்சு வருது. அமெரிக்காவுல ஜாக்சன்வில் மேயோ க்ளினிக் குழு 2006-ல ஒரு ரசாயனம் குடுத்து எலிங்களோட லிவரைக் கெடுத்தாங்க. செத்துக்கிட்டு இருக்கற லிவர்ல இருந்து எம்.எம்.பி-9ங்கற என்சைம் ரத்தத்துல கலந்து டைட் ஜங்ஷன் புரதத்தை அரிக்குது, ரத்தத்துல போட்ட சாயம் மூளைக்குள்ள கசியுது, அந்த என்சைமைத் தடுத்தா கசிவு குறையுதுன்னு காட்டினாங்க. ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சிதான், அதுலயும் ஜங்ஷன் பிளந்து போகல, லேசா தளருது, அவ்வளவுதான். ஆனா எலிக்கு ரசாயனம் குடுத்து வர்ற நோயும் மனுஷனுக்கு வர்ற நோயும் ஒண்ணு இல்ல. என் கணிப்பு, மனுஷங்கள்ல அக்யூட் லிவர் ஃபெயிலியரோட கடைசிக் கட்டத்துல, முக்கியமா செப்சிஸும் (கிருமித் தொற்று உடம்பு முழுக்க முத்தறது) சேர்ந்துட்டா, பேரியர் கொஞ்சம் தளரும்; அதுக்கு முன்னாடி நடக்கற பெரும்பாலான சேதம் பேரியர் நல்லா இருக்கறப்பவே நடந்து முடிஞ்சிருக்கும்.

இது ஏன் முக்கியம்ங்கறதுக்கு மன்னிட்டால்ங்கற, மூளை வீக்கத்தைக் குறைக்கற மருந்து நல்ல உதாரணம். மண்டை பிரஷர் ஏறினா நரம்புல மன்னிட்டால் ஏத்துவோம், இல்லன்னா கெட்டியான உப்புத் தண்ணி ஏத்தி ரத்த சோடியத்தை 145-க்கு மேல, 150 பக்கமா வச்சுக்குவோம். ரெண்டும் எப்படி வேலை செய்யுது? அது குழாய்க்குள்ளயே நின்னு மூளையில இருந்து தண்ணியை வெளிய இழுக்கணும். பேரியர் உடைஞ்சிருந்தா மன்னிட்டாலும் உப்பும் மூளைக்குள்ளயே போய் உக்காந்துக்கும், இழுக்கறதுக்கு பதிலா தண்ணியைக் கூட்டிக்கிட்டு போகும். அது வேலை செய்யுதுங்கறதே பேரியர் இன்னும் நிக்குதுங்கறதுக்கு சாட்சி. மாறா, மூளைக் கட்டியைச் சுத்தி வர்ற வீக்கத்துல பேரியர் நிஜமாவே கசியும், அங்க டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு அருமையா வேலை செய்யும். அதையே லிவர் ஃபெயிலியருக்கும் குடுத்துப் பார்த்தாங்க, 1982-ல கிங்ஸ் காலேஜ்ல மன்னிட்டாலையும் டெக்ஸாமெத்தசோனையும் வச்சு முறையா ட்ரயல் நடத்தினப்ப மன்னிட்டால் உதவுச்சு, ஸ்டீராய்டு உதவல. இதுக்கு அப்புறமும் "ஸ்டீராய்டு ஏன் போடல"ன்னு ஐசியூ வாசல்ல சண்டைக்கு வர்றவங்க இருக்காங்க, இதுக்காகத்தான் போடறதில்ல.

அடுத்து இன்ஃபெக்ஷன். அம்மோனியா அளவு மட்டுமே எல்லாத்தையும் முடிவு பண்றதில்ல, 60 இருக்கறவர் உளறுவாரு, 120 இருக்கறவர் உக்காந்து செல்போன் பார்த்துக்கிட்டு இருப்பாரு. இதுக்கு ஒரு அழகான விளக்கம் 2004-ல வந்துச்சு. இன்ஃபெக்ஷனோட அட்மிட் ஆன சிரோசிஸ்காரங்களுக்கு அமினோ அமிலக் கரைசல் குடுத்து வேணும்னே அம்மோனியாவை ஏத்தி, மூளைத் திறன் டெஸ்ட் வச்சாங்க, மோசமாச்சு. இன்ஃபெக்ஷன் சரியானப்புறம் அதே ஆளுங்களுக்கு அதே மாதிரி அம்மோனியாவை ஏத்தினப்ப டெஸ்ட் அவ்வளவா மோசமாகல. ஆக கிருமியால வர்ற அழற்சிதான் மூளையை அம்மோனியாவுக்கு வளைஞ்சு குடுக்க வைக்குது. இங்க பேரியரோட பங்கு சுவாரஸ்யமானது. ரத்தத்துல ஓடற டி.என்.எஃப், இன்டர்லூகின் மாதிரி அழற்சிப் பொருளுங்க உள்ள போகணும்னு கூட இல்ல, குழாய்ச் சுவர் செல்லே ரத்தப் பக்கம் அதை வாங்கி, மூளைப் பக்கம் நைட்ரிக் ஆக்சைடு, ப்ரோஸ்டாகிளான்டின்னு வேற சிக்னலா விட்டுடும், அதைப் பார்த்து உள்ள மைக்ரோக்ளியாங்கற மூளையோட காவல் செல் முழிச்சுக்கும். உங்க மாமாவுக்கு ஆன்டிபயாடிக் குடுத்தாங்கன்னு சொன்னீங்களே, வயித்து நீர்லயோ யூரின்லயோ இன்ஃபெக்ஷன் இருந்திருக்கும், பெரும்பாலும் அதுதான் கிளப்பி விட்டிருக்கும்.

பேரியர்ல இருக்கற போக்குவரத்து புரதங்களும் லிவர் நோய்ல சும்மா இருக்கறதில்ல. எல்.ஏ.டி-1ன்னு ஒண்ணு, அது வழியாத்தான் பெரிய அமினோ அமிலங்க எல்லாம் போட்டி போட்டு உள்ள போகும். சிரோசிஸ்ல லூசின், வாலின் மாதிரி கிளை அமினோ அமிலங்களை தசை எடுத்துக்கிட்டு ரத்தத்துல குறைஞ்சு போகும், லிவர் உடைக்க வேண்டிய ட்ரிப்டோஃபான், டைரோசின், ஃபினைல்அலனின் ஏறிடும். போட்டியில ஏறினதுதான் ஜெயிக்கும். போதாக்குறைக்கு இந்த டிரான்ஸ்போர்ட்டர் ஒண்ணை வெளிய விட்டாதான் இன்னொண்ணை உள்ள விடும், மூளையில குவிஞ்சு கிடக்கற க்ளூட்டமின் வெளிய போறப்ப இன்னும் ட்ரிப்டோஃபான் உள்ள வரும். இதை வச்சு 1971-ல ஃபிஷரும் பால்டெஸரினியும் போலி நரம்புக் கடத்தி கோட்பாட்டை (உண்மையான நரம்புச் சிக்னல் ரசாயனத்தோட இடத்தை போலிங்க பிடிச்சுக்குதுங்கறது) வச்சாங்க, அந்தக் கோட்பாடு இப்ப முன்ன மாதிரி நிக்கல, ஆனா அதுல இருந்து வந்த கிளை அமினோ அமில பவுடர் குழப்பத்தை ஓரளவு குறைக்குது. ஆயுளைக் கூட்டறதா காட்ட முடியல, விலையும் ஜாஸ்தி.

மாங்கனீஸ் இன்னொண்ணு. பித்தத்துல வெளியேற வேண்டிய உலோகம், லிவர் விடலன்னா ரத்தத்துல தங்கி, பேரியர்ல இரும்புக்குன்னு இருக்கற வழியையும் பிடிச்சு உள்ள போய் மூளையோட ஆழத்துல க்ளோபஸ் பாலிடஸ்ங்கற இடத்துல படியும். எம்.ஆர்.ஐ-ல ரெண்டு பக்கமும் வெள்ளையா பளிச்சுன்னு தெரியும். சில சிரோசிஸ்காரங்க பார்க்கின்சன் மாதிரி மெதுவா நடக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பிலிருபின், அதாவது மஞ்சக்காமாலையோட மஞ்சள், பெரியவங்க விஷயத்துல மூளைக்குள்ள போய் இந்தக் குழப்பத்தை உண்டு பண்றது கிடையாது. லிவர் பதப்படுத்தின பிலிருபின் தண்ணியில கரையறது, பேரியரைத் தாண்டாது, பதப்படுத்தாதது அல்புமின்ங்கற ரத்தப் புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். முக்கியமா பொறந்த குழந்தைங்களுக்குத்தான் அந்த பயம், அதுக்குத்தான் நீல லைட்டுல வைக்கறாங்க. பெரியவங்க பிலிருபின் 20 இருந்தும் தெளிவா பேசிக்கிட்டு இருப்பாங்க, பிலிருபின் 2 இருந்துக்கிட்டே கோமாவுல கிடக்கறவங்களும் உண்டு. உங்க உறவினர் குழந்தைங்க கதையை எங்கயோ கேட்டு மாமாவுக்கு மாட்டி விட்டிருக்காரு.

மாமாவுக்கு வீட்டுல என்ன பண்றதுன்னும் கேட்டிருக்கீங்க. லாக்டுலோஸை ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை இளக்கமா போற அளவுக்கு குடுங்க, ஆறு ஏழு தடவை போச்சுன்னா அளவு அதிகம், அப்ப உடம்பு வத்தி பொட்டாசியம் இறங்கி அதுவே மறுபடி குழப்பத்தைக் கொண்டு வரும். அது குடலை அமிலமாக்கி அம்மோனியாவை அயனியா மாத்தி அங்கயே சிறை வைக்குது, ரத்தத்துக்கு வர விடாது. ரெண்டாவது தடவை குழப்பம் வந்தவங்களுக்கு கூடவே குடல்ல வேலை செய்யற ரிஃபாக்ஸிமின்ங்கற ஆன்டிபயாடிக் 550 மில்லிகிராம் காலை ராத்திரி சேர்ப்பாங்க, அது மறுபடி வர்றதைக் குறைக்குதுன்னு 2010-ல பெரிய ட்ரயல்ல வந்தாச்சு.

சாப்பாட்டுல பருப்பு, முட்டை எல்லாம் நிறுத்திட்டு வெறும் கஞ்சி குடுக்கறீங்கன்னு எழுதியிருந்தீங்க, தயவுசெஞ்சு அதை மாத்துங்க. லிவர் செய்யாத அம்மோனியா வேலையில பெரிய பங்கை இப்ப அவரோட தசை செய்யுது, புரதத்தைக் குறைச்சா தசை கரையும், தசை கரைஞ்சா அம்மோனியா ஏறும். எடையில கிலோவுக்கு 1.2-ல இருந்து 1.5 கிராம் வரைக்கும் புரதம் வேணும், 60 கிலோ ஆளுக்கு 72-ல இருந்து 90 கிராம். பருப்பு, சுண்டல், தயிர், பால் மாதிரி வகைங்க கறியை விட நல்லா ஒத்துக்கும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிட வச்சுடுங்க, பன்னெண்டு மணி நேரம் வெறும் வயித்துல இருந்தா இந்த உடம்பு தசையைத்தான் எரிக்கும்.

வாரா வாரம் அம்மோனியா டெஸ்ட் எடுக்கறது வீண் செலவு. அந்த ரத்தத்தை ஐஸ்ல வச்சு உடனே லேபுக்கு கொண்டு போகணும், கையை இறுக்கிக் கட்டி மூடித் திறக்கச் சொல்லி எடுத்தாலே அளவு ஏறிடும், தெருமுனை கலெக்ஷன் சென்டர்ல குடுத்து சாயங்காலம் வர்ற ரிப்போர்ட்டை வச்சு பயப்படறதுல அர்த்தமே இல்ல. அதுக்கு பதிலா வீட்டுலயே ஒண்ணு பண்ணலாம், ஒரு நிமிஷத்துல எத்தனை மிருகம் பேர் சொல்ல முடியுதுன்னு கேளுங்க. பத்துக்கு கீழ போச்சுன்னா, இல்ல வழக்கமா பதினெட்டு சொல்றவர் இன்னைக்கு "மாடு, ஆடு... மாடு"ன்னு அங்கயே சுத்திக்கிட்டு இருந்தாருன்னா, மலம் போச்சா, காய்ச்சல் இருக்கா, மலம் கருப்பா இருக்கான்னு பாருங்க. பகல் முழுக்க தூங்கி ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சிருக்கறதும் ஆரம்ப அறிகுறிதான். அந்த முழிப்புக்கு மெடிக்கல்ல தூக்க மாத்திரை வாங்கிக் குடுக்கறதுதான் நான் பார்க்கற மோசமான காரியம். இந்த மூளையில, மூளையை அமைதிப்படுத்தற காபா ரசாயனத்தோட ஏற்பிகளைத் தூண்டற நியூரோஸ்டீராய்டுங்கற பொருள் ஏற்கனவே கூடியிருக்கும், அதே இடத்துல வேலை செய்யற மாத்திரையையும் போட்டா அரை மாத்திரையிலயே ஆளை எழுப்ப முடியாம போயிடும்.

வண்டி ஓட்ட விடாதீங்க, வெளியில பார்க்க நல்லா தெரிஞ்சாலும்.

கடைசியா, திரும்ப ஒட்டுமான்னு கேட்டீங்களே. பேரியர் உடையாததால ஒட்ட வேண்டிய வேலையே இல்ல. அம்மோனியாவும் அழற்சியும் இறங்கினா ஆஸ்ட்ரோசைட் வீக்கம் வடியும், ஒவ்வொரு தடவையும் ஆள் தெளியறது அதனாலதான். ஆனா அடிக்கடி வந்தா வேகமா யோசிக்கறது, புதுசா ஒண்ணைக் கத்துக்கறதுல சில பேருக்கு கொஞ்சம் குறை தங்கிடுது, அதனால "வந்தா பார்த்துக்கலாம்"னு விடக்கூடாது, வராம பார்த்துக்கணும். மாற்று லிவர் வச்சவங்களுக்கு ஸ்பெக்ட்ராஸ்கோபி கணக்கு சில மாசத்துல சரியாகுது, க்ளோபஸ் பாலிடஸ்ல இருக்கற மாங்கனீஸ் வெள்ளை கூட ஒரு வருஷ வாக்குல மங்கிடுது. ஒரு தடவை என்செஃபலோபதி, அதாவது லிவரால வர்ற இந்த மூளைக் குழப்பம், வந்துட்டாலே டிரான்ஸ்பிளான்ட்டுக்குப் பதிவு பண்ணலாமான்னு பேச ஆரம்பிக்கற நேரம், அடுத்த செக்கப்புல மெல்ட் ஸ்கோர் (லிவர் எவ்வளவு மோசம்னு ரத்த டெஸ்ட்டை வச்சு போடற மதிப்பெண்) எவ்வளவுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க.